நூற்றுக்கு எத்தனை

காலால் அதிகம் தொடாத கால்பந்தை
டொலீடோவில் நாங்கள் பத்துப் பேர்
கையாலும் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தோம்.
ஆளுக்கு நூறு டாலர்,
ஆகஸ்ட் கடைசியில் ஏலம்,
அப்புறம் டிசம்பர்வரை
முகம் தெரியாதவர்களின் முழங்காலுக்காக
முணுமுணுப்பில் பிரார்த்தனை.

ஏழு வருடத்தில் ஐந்து கோப்பை
வெர்னல் ஹட்சின்ஸுக்கு.
எங்கள் கிடங்கின் நான்காம் வாசலில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன்.
புள்ளிகளைப் பார்க்கவே மாட்டான்.
'புள்ளி நேற்றுப் பெய்த மழை.
நூறு தடவை பந்து நகர்ந்தால்
எத்தனை தடவை ஆளைக் களத்தில் நிறுத்தினார்கள்?
அதை மட்டும் சொல்.'

டெலிவரிச் சீட்டுகளின் பின்பக்கத்தைத் தைத்து
ஒரு நோட்டு வைத்திருந்தான்.
செவ்வாய் மதியம், சாண்ட்விச் ஒரு கையில்,
பென்சில் ஒரு கையில்.
டாவன் பிக்ஸ்பி:
எழுபத்தொன்று, அறுபத்து மூன்று,
ஐம்பத்திரண்டு, நாற்பது.

அந்த பிக்ஸ்பியை நான்தான் வாங்கினேன்.
இரண்டு வாரத்தில் மூன்று டச்டவுன்!
குருட்டு யோகம் என்று எனக்கென்ன தெரியும்?
விலையாக அவன் கேட்டது
என் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த
கீயன் ரட்லெட்ஜை.
பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்து மூன்று, நாற்பத்தைந்து.
பொடியன் ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும்
அதுவரை அவன் எடுத்தது மொத்தம் ஒன்பது புள்ளி.
ஒன்பதுக்கு யார் எழுந்து நிற்பார்கள்?

ஏழாம் வாரம் பிக்ஸ்பி ஒப்புக்குச் சப்பாணி.
காயமில்லை, சண்டையில்லை, செய்தியும் இல்லை.
பயிற்சியாளர் மைக் முன்னால் வந்து
'டாவன் எங்கள் திட்டத்தில் முக்கியமானவர்' என்றார்.
எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.
வெர்னல் வாய்க்குள் சிரித்தான்:
'வாயை விடு. மூன்றாம் டவுனில் யார் நிற்கிறான்?'

வியாழன் மாலை
ஷிஃப்ட் பட்டியல் போடுவது என் வேலை.
அக்டோபரில் தலைமையகம் ஒரு எண் அனுப்பியது.
யாரையும் நீக்க வேண்டாம்,
மூத்தவர்களை மட்டும் மெல்லக் குறை.
வெர்னல், வாரத்துக்கு நாற்பது மணி.
பிறகு முப்பத்தாறு.
பிறகு முப்பது.
'சரக்கு மந்தம்,
நவம்பரில் சரியாகிவிடும்' என்றேன்.
எனக்கு மைக் தேவைப்படவில்லை.

இருபத்து மூன்று போட்ட வியாழன்
பலகை முன்னால் வந்து நின்றான்.
தன் பெயர்மேல் விரல் வைத்தான்.
கோபிப்பான் என்று
கையில் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.
அவன் விரல் கீழே இறங்கியது.
ப்ரெய்லன், புதுப்பையன்,
மணிக்கு ஆறு டாலர் குறைவான கூலி:
எட்டு, பதினாறு, இருபத்தெட்டு.
'நல்ல பையன்,' என்றான் வெர்னல்.
'ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும்
இடப்பக்கம் பார்க்கச் சொல்.'

அடுத்த செவ்வாய் சாவியை மேசையில் வைத்தான்.
மௌமி ஆற்றுக்கு அக்கரையில்
கண்ணாடித் தொழிற்சாலை.
'முப்பது வந்த அன்றே மனுப் போட்டுவிட்டேன்.
அங்கே நாற்பதில் தொடங்குகிறார்கள்.'
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
சாண்ட்விச் பாதியை என் பக்கம் தள்ளினான்.
வான்கோழியும் ஊறுகாயும்.
தின்றேன்.

லீகைவிட்டு அவன் போகவில்லை.
பதின்மூன்றாம் வாரம் என்னை
முப்பத்தொரு புள்ளியில் அடித்தான்.
ரட்லெட்ஜ் மட்டும் இருபத்தெட்டு.
நான் பிக்ஸ்பியை இன்னும் வைத்திருக்கிறேன்.
கழற்றிவிடும் பொத்தான் சிவப்பு;
அதுவரை போகும் விரல் அங்கேயே நிற்கிறது.
இது விசுவாசமில்லை, வேறென்னவோ.
பெஞ்சில் ஒரு இடம் வீண் என்று
பேக்கிங்கில் ஷெர்லின்கூடச் சொல்லிவிட்டாள்.

இந்த வாரம் பிக்ஸ்பி: ஏழு.

அதே பக்கத்தில், கீழே,
தலைமையகத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகளையும்
எழுதத் தொடங்கியிருக்கிறேன்.
ஒன்பது. ஆறு. ஆறு.
அந்த இரண்டாவது ஆறை
எப்படிப் படிப்பதென்றுதான் தெரியவில்லை.